கையெழுத்துக் கேட்டு வருவார்கள், கவனம்! – கலிபோர்னியாவின் மக்கள் முன்மொழிவுகளும் நாங்களும்

(புதிதாக வந்தவர்களுக்கான மாதாந்தத் தகவல் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர முடியாதவர்களுக்காக இங்கே தருகின்றோம்.)



நான் ஊரில் பதினொரு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அதனால் ஒரு விசயத்தைச் சொல்லத் தொடங்கினால் அடியிலிருந்துதான் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு தம்பி எங்களிடம் வந்தார். அசைலம் கேஸ் போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் ஆலோசனையில் முகவரி மாறினால் அறிவிக்க வேணும், கோர்ட் திகதியைத் தவற விடக்கூடாது, பொய்யான ஆட்களிடம் காசு குடுக்கக்கூடாது என்று எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் ஒரு மேசை. எழுதும் மட்டையோடு ஒரு பெண் சிரித்த முகமாக வந்து, "வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்த ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று கேட்டிருக்கிறார். நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிற பிள்ளை. வாடகை குறையுமென்றால் ஆர் மாட்டன் என்பார்? பெயர், முகவரி எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார். "நீங்கள் வாக்காளராகப் பதிந்தவரா?" என்று அந்தப் பெண் கேட்டதும், இவர் ஆங்கிலம் சரியாக விளங்காமல் தலையை ஆட்டியிருக்கிறார். அவர் உடனே இன்னொரு படிவத்தையும் கையில் குடுத்து, நிரப்பித் தபாலில் போடச் சொல்லியிருக்கிறார். அது வாக்காளர் பதிவுப் படிவம்.

தம்பி அதை வீட்டில் கொண்டுபோய் முழுவதும் நிரப்பிவிட்டார். "நான் அமெரிக்கப் பிரஜை" என்ற பெட்டிக்கும் அடையாளம் போட்டாயிற்று. முத்திரை ஒட்டத் தேவையில்லாத படிவம். பெட்டியில் போட்டால் சரி. நல்ல காலம், அறையில் இருந்த ஒரு அண்ணை அதைக் கண்டு, "டேய், இதை முதல் கொண்டுபோய்க் காட்டு" என்றதால் என்னிடம் வந்தார். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

அண்டு தொடக்கம் இந்த விசயத்தைச் சொல்லாமல் ஒரு கூட்டமும் நான் முடிப்பதில்லை.

ஏன் எங்கட ஆட்கள் இதில் மாட்டுகிறார்கள்?

ஊரில் கிராம சேவகர் வருடா வருடம் வாக்காளர் இடாப்புப் படிவம் கொண்டுவந்து தருவார். நிரப்பிக் குடுக்காவிட்டால் பெயர் விடுபட்டுப் போகும். பிறகு ஒவ்வொரு இடமாக அலைய வேணும். ஆகவே படிவம் என்று வந்தால் நிரப்பிக் குடுப்பதுதான் நல்லது என்பது எங்கட இரத்தத்தில் ஊறின பழக்கம். இங்கே அந்தப் பழக்கமே ஆபத்து.

அடுத்தது, சர்வசன வாக்கெடுப்பு என்பதை எங்கட சனம் ஒரேயொரு தடவைதான் கண்டது. 1982 டிசம்பர் 22. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் வைக்காமலே நீடிக்கலாமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஏறக்குறைய 54.7 வீதம் விளக்குக்கு விழுந்ததாக அறிவித்தார்கள். யாழ்ப்பாணம் குடத்துக்குத்தான் போட்டது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே கேள்வியைக் கேட்டது அரசாங்கம். கலிபோர்னியாவில் சாதாரண வாக்காளர்களும் கேள்வி கேட்கலாம். அதனால்தான் மேசை போட்டுக்கொண்டு றோட்டில் நிற்கிறார்கள்.

ஒரு முன்மொழிவு எப்படி வாக்குச் சீட்டுக்கு வருகிறது?

இந்த நாட்டில் எல்லா மாநிலத்திலும் இந்த முறை இல்லை. 1898-இல் தென் டகோட்டா இதைத் தொடங்கியது, 1902-இல் ஒரேகன். கலிபோர்னியாவில் அந்த நாளில் ரயில் கொம்பனி வைத்ததுதான் சட்டம். அதன் பிடியை உடைக்க வேணும் என்று ஆளுநர் ஹைரம் ஜோன்சன் முன்னின்று, 1911 ஒக்டோபரில் மக்கள் வாக்கோடு இந்த உரிமையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, மாநில சட்டசபை தானே அனுப்புவது. மாநில அரசியலமைப்பை மாற்றுவதென்றால் இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேணும். அதன் பிறகும் மக்கள் சம்மதிக்க வேணும்.

இரண்டாவது, மக்கள் முன்மொழிவு. ஒருவர் சட்டத்தை எழுதி, 2,000 டொலர் கட்டி மாநில சட்டமா அதிபரிடம் குடுக்க வேணும். அவருடைய அலுவலகம் அதற்குத் தலைப்பும் 100 சொல்லுக்குள் ஒரு சுருக்கமும் எழுதும். பிறகு 180 நாளுக்குள் கையெழுத்துச் சேர்க்க வேணும். சாதாரண சட்டம் என்றால் கடைசியாக நடந்த ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்கில் 5 வீதம். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் 8 வீதம். 2022 தேர்தலின் கணக்கில் அது 546,651 கையெழுத்தும் 874,641 கையெழுத்தும்.

மூன்றாவது, சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தை மறிப்பது. அதற்கு 90 நாள்தான். துரித உணவுக் கடைத் தொழிலாளருக்கான ஒரு சட்டம் 2022-இல் கையெழுத்தானதும், கடைக்காரர் தரப்பு கையெழுத்துச் சேர்த்து அதை மறித்து வைத்தது. பிறகு 2023-இல் இரு தரப்பும் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்து, மறித்ததை மீளப் பெற்றார்கள். பெரிய துரித உணவு நிறுவனங்களின் கடைகளில் மணித்தியாலத்துக்கு 20 டொலர் என்று 2024 ஏப்ரல் 1 முதல் வந்தது அந்த உடன்பாட்டால்தான். உங்களில் எத்தனை பேர் அந்தக் கடைகளில் நிற்கிறீர்கள்! இதன் கதை இதுதான்.

இனிக் கணக்கைப் பாருங்கோ. ஐந்தரை இலட்சம் கையெழுத்தை ஆறு மாதத்தில் சும்மா சேர்க்க முடியுமா? முடியாது. ஆகவே கையெழுத்துக்கு இவ்வளவு என்று காசு குடுத்து ஆட்களை நிறுத்துகிறார்கள். அது இங்கே சட்டப்படி சரி. மேசையில் நிற்பவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அது கூலி வேலை. ஆனால் உங்கட விசா நிலையை அவர் யோசிக்க மாட்டார். அவருக்குத் தேவை ஒரு கையெழுத்து.

சேர்த்த தாள்கள் அந்தந்தக் கவுண்டித் தேர்தல் அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு பகுதியைச் சீட்டுக் குலுக்குவது போல எடுத்து, வாக்காளர் இடாப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கணிப்பில் தேவையான அளவில் 110 வீதத்துக்கு மேல் வந்தால் தேர்வு. 95 வீதத்துக்குக் கீழ் என்றால் தோல்வி. இடையில் நின்றால் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இடாப்பில் பெயர் இல்லாதவரின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆக, நீங்கள் போட்டாலும் அதனால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. வில்லங்கம் மட்டும் உங்களுக்கு.

வாக்காளர் வீட்டுக்கு எப்படி வருகிறது?

தேர்வான முன்மொழிவுக்கு ஒரு எண் குடுப்பார்கள். 'புரொப் 22', 'புரொப் 33' என்று தொலைக்காட்சியில் கேட்பது அதுதான். எண்கள் சில காலத்துக்கு ஒருமுறை திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே எண்ணோடு வருடத்தையும் கேளுங்கோ. 2000-ஆம் ஆண்டின் புரொப் 22 திருமணம் பற்றியது. 2020-இன் புரொப் 22 செயலி மூலம் ஓடும் சாரதிகள் பற்றியது.

தேர்தலுக்கு முன்னர் மாநிலச் செயலாளர் அலுவலகம் ஒரு கையேட்டை வாக்காளர் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பும். அதில் சுருக்கம், அரசுக்கு எவ்வளவு செலவு அல்லது வரவு என்ற ஆய்வு, ஆதரவு வாதம், எதிர் வாதம், மறுமொழி, கடைசியில் சட்டத்தின் முழு வாசகம் எல்லாம் இருக்கும். பல மொழிகளில் வருகிறது. 2024 கையேடு இந்தி, கொரியன், வியட்நாமியம் உட்படப் பத்து மொழியில் வந்தது. அதில் தமிழ் இல்லை. 2021-இல் வந்த சட்டப்படி, பதிந்த வாக்காளர் எல்லாருக்கும் வாக்குச் சீட்டும் வீட்டுக்கே வரும்.

இதுக்கு மேலே விளம்பரம். 2020-இல் புரொப் 22-க்காக ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய கொம்பனிகள் 200 மில்லியன் டொலருக்கு மேல் செலவழித்தன. சாரதிகளை ஊழியராக அல்லாமல் சுயதொழிலாளராக வைத்திருப்பதுதான் அதன் நோக்கம். ஏறக்குறைய 58 வீத வாக்கோடு வென்றது. 2024-இல் மாநில உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. நாளைக்கு வேர்க் பெர்மிட் வந்து சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலைக்கு நீங்கள் போனால், உங்கட உரிமை எவ்வளவு என்பது அந்த வாக்கில் தீர்மானமானது.

வாக்கில்லாதவரும் பாதிக்கப்படுவர்

"எங்களுக்கு வாக்கு இல்லையே, ஏன் அக்கா இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். 1994 நவம்பரில் புரொப் 187 என்ற முன்மொழிவு ஏறக்குறைய 59 வீத வாக்கோடு வென்றது. ஆவணம் இல்லாத குடியேறிகளுக்குப் பொதுப் பள்ளிக்கூடம், அவசரமல்லாத வைத்தியம், சமூக உதவி எல்லாவற்றையும் மறுக்கச் சொன்ன சட்டம் அது. ஆசிரியரும் வைத்தியசாலையும் ஆட்களைக் காட்டிக்கொடுக்க வேணும் என்றும் இருந்தது. நான் ஆசிரியையாக இருந்தவள், வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து "உன்ர பேப்பர் எங்கே?" என்று கேட்கச் சொன்னால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன்.

ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. கூட்டாட்சி நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளைத் தடுத்தது. 1999-இல் வழக்கு முடிந்தது. வாக்கெடுப்பில் வென்றாலும் அரசியலமைப்புக்கு மேலே போக முடியாது என்பதற்கு இது சாட்சி. அந்த நாளில் வாக்கில்லாமல் ஊர்வலம் போன பலர், பின்னர் பிரஜாவுரிமை எடுத்து வாக்காளராகப் பதிந்தார்கள்.

வாடகையைக் கட்டுப்படுத்த 2018, 2020, 2024 என்று மூன்று தரம் முன்மொழிவு வந்தது, மூன்றும் தோற்றன. குறைந்தபட்சச் சம்பளத்தை 18 டொலராக்கும் முன்மொழிவு 2024-இல் மயிரிழையில் தோற்றது. உங்கட அறை வாடகை, சம்பளம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இந்தச் சீட்டில் வந்துபோகிற விசயங்கள்.

இனி, செய்ய வேண்டியவை – செய்யக்கூடாதவை

1. முன்மொழிவு மனுவில் கையெழுத்துப் போடாதீங்கோ. பதிந்த வாக்காளர் மட்டுமே போடலாம். தகுதியில்லை என்று தெரிந்துகொண்டு போடுவது குற்றம். "நான் வாக்காளர் இல்லை, நன்றி" என்று சொல்லிவிட்டு நடவுங்கோ. கோபிக்க மாட்டார்கள்.

2. வாக்காளர் பதிவுப் படிவத்தை ஒருபோதும் நிரப்பாதீங்கோ. பிரஜை இல்லாதவர் பிரஜை என்று சொல்வது 1996 முதல் குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையான விசயம். கிறீன் கார்ட்டுக்குத் தடையாகலாம், நாடுகடத்தவும் காரணமாகலாம். விதிவிலக்குகள் மிகக் குறைவு. "தெரியாமல் செய்தேன்" என்பது எப்போதும் காப்பாற்றாது.

3. டி.எம்.வி.-யில் லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளர் தகுதி பற்றிய கேள்வி வரலாம். தகுதி இல்லை என்றே பதில் சொல்லுங்கோ. திரையில் வந்ததை இரண்டு தரம் வாசியுங்கோ. 2018-இல் அங்கே தானாகப் பதியும் முறை தொடங்கிய சில மாதத்தில், தகுதியில்லாத சுமார் 1,500 பேர் பிழையாகப் பதியப்பட்டதாக அவர்களே அறிவித்தார்கள். ஆகவே குடுத்த தாள்களின் பிரதியை வைத்திருங்கோ.

4. முன்னர் இருந்தவரின் பெயரில் வாக்குச் சீட்டு உங்கட பெட்டிக்கு வந்தால் திறக்காதீங்கோ. "இந்த முகவரியில் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் குடுங்கோ.

5. சான் பிரான்சிஸ்கோவில் பிரஜை அல்லாத பெற்றோர் பள்ளிக்கூடச் சபைத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2016-இல் அந்த நகர மக்களே சம்மதித்த விதி. ஆனாலும் அந்தத் தகவல் குடிவரவு அதிகாரிகளின் கையில் போகலாம் என்று நகரமே எச்சரிக்கிறது. உங்கட சட்டத்தரணியைக் கேளாமல் பதியாதீங்கோ.

6. கையேட்டை வாசிக்கலாம், நூலகத்திலும் கிடைக்கும். விவாதம் கேட்கலாம், உங்கட அனுபவத்தைச் சொல்லலாம். காசு மட்டும் குடுக்காதீங்கோ. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

7. ஏற்கெனவே கையெழுத்தோ பதிவோ நடந்திருந்தால் ஒளிக்காதீங்கோ. தனியாகப் போய் இரத்துச் செய்யவும் வெளிக்கிடாதீங்கோ. முதலில் சட்டத்தரணியிடம் முழுவதையும் சொல்லுங்கோ. நாளைக்குப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தில், "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா?" என்ற கேள்வி நேரடியாகவே வரும்.

அந்தத் தம்பி என்ன ஆனார்?

பதிவுப் படிவம் தபாலுக்குப் போகவில்லை என்பதால் பெரிய கண்டத்தில் தப்பினார். மனுவில் வைத்த கையெழுத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் சொன்னோம். திகதி, இடம், நடந்தது எல்லாவற்றையும் அவர் எழுதிக் கோப்பில் வைத்தார். கேஸ் பிறகு நல்லபடி முடிந்தது. இப்போது அவர் கிறீன் கார்ட்டோடு இருக்கிறார், இன்னும் வாக்கில்லை. ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் கையேட்டை நூலகத்தில் எடுத்து வாசித்துவிட்டு, "அக்கா, இந்த முறை வாடகை விசயம் இருக்கோ?" என்று என்னைக் கேட்பார்.

உங்களுக்கும் ஒரு நாள் அந்தச் சீட்டு உங்கட பெயரிலேயே தபாலில் வரும். அது வரும் வரைக்கும் பேனையை மூடி வைத்திருங்கோ. சந்தேகமான தாள் எதுவென்றாலும் கையெழுத்து வைக்க முதல் எங்களிடம் கொண்டுவாங்கோ. வைத்த பிறகு என்றாலும் கொண்டுவாங்கோ. ஒருவரும் ஏச மாட்டோம்.