குடிக்காதவருக்கும் கல்லீரல் கெடும்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



"ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை, என் ஈரல் எப்படிக் கெடும்?" என்று நீங்கள் கேட்கலாம். மதுவைத் தொடாதவர்களின் ஈரலிலும் குடிகாரர்களுடையதைப் போன்ற சிதைவு இருப்பதை அமெரிக்க மருத்துவர் லுட்விக்கும் அவருடைய குழுவினரும் 1980ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளனர். இதுவே கொழுப்பு ஈரல் நோய்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உழைப்புக்குச் செலவானது போக, மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. தொப்பை பெருத்தவர்களின் உடல் இன்சுலினுக்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. அதனால் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் வந்து சேருகிறது. இவ்வாறு சேரும் கொழுப்பு ஈரலின் எடையில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் அது நோயாகும்.

இந்நோய் நான்கு படிகளில் முற்றும்.

1. கொழுப்பு படிதல்: வலி இராது.
2. அழற்சி: ஈரல் செல்கள் வீங்கி மடியும்.
3. வடு: மடிந்த இடத்தில் நார் படரும்.
4. ஈரல் சுருக்கம்: ஈரல் இறுகிவிடும். வயிற்றில் நீர் கோக்கும், இரத்த வாந்தி வரலாம், புற்றுநோயும் தோன்றலாம்.

எல்லோருக்கும் நோய் கடைசிப் படிவரை செல்வதில்லை. முற்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்து அதிகம்.

நமக்கு இது ஏன் வருகிறது? முன்பு ஏற்றம் இறைத்தோம், ஏர் பிடித்தோம், வயலுக்கு நடந்தோம். இன்று பம்புசெட், டிராக்டர், மோட்டார் சைக்கிள் வந்துவிட்டன. உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. போதாக்குறைக்குச் சர்க்கரை போட்ட தேநீரும் கலரும் சேர்ந்துகொண்டன.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. ஒல்லியானவருக்கும் தொப்பை இருந்தால் நோய் வரலாம்.
* சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் ஈரலைப் பற்றியும் கேளுங்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தேவையா என்பதை அவர் சொல்வார்.
* சோற்றைக் குறைத்துக் கீரை, காய்கறி, பயறு வகைகளைக் கூட்டுங்கள். கலரை நிறுத்துங்கள்.
* வாரத்தில் 5 நாள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.
* உடல் பருத்தவர்கள் எடையைப் படிப்படியாகக் குறையுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோ குறைத்தால் அழற்சி தணியலாம். 7 கிலோ குறைத்தால் வடுவும் குறைய வாய்ப்புண்டு. பட்டினி கிடக்க வேண்டாம்.
* மதுவைத் தொடாதீர்கள். விளம்பரத்தை நம்பி 'ஈரல் மருந்து' வாங்கி உண்ணாதீர்கள்.

புகையான் தூரில் இருக்கும்போதே பார்த்தால் பயிரைக் காக்கலாம். பயிர் தீய்ந்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை. ஈரலும் அப்படித்தான். வலி வரும்வரை காத்திராமல் இப்போதே கவனியுங்கள்.