ஸ்டீராய்டு மருந்தும் நமது கடமையும்

(ஊராட்சி அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். அவற்றின் பயனைத் துய்க்கவேண்டிய உடலைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம். நீலகிரியின் குளிரிலும் ஈரத்திலும், சரிவான தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருக்கு மூட்டுவலியும் இளைப்பும் புதியனவல்ல. வலி தாளாமல், பெயரற்ற பொட்டலத்தில் கிடைக்கும் மாத்திரையை வாங்கி விழுங்குவோரும் உளர். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

ஸ்டீராய்டு என்பது யாது? நமது சிறுநீரகங்களின் மேல் அட்ரினல் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் கார்ட்டிசாலைப் போன்று செயற்கையாகச் செய்யப்பட்டவையே பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் முதலியவை. 20 மில்லிகிராம் கார்ட்டிசாலின் வேலையை 5 மில்லிகிராம் பிரட்னிசோலோன் செய்யும், டெக்ஸாமெத்தசோனாயின் 0.75 மில்லிகிராமே போதும்.

இவை உயிர்காக்கும் மருந்துகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சி ஓர் உண்மையைக் காட்டிற்று. கொரோனா நோயால் செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை டெக்ஸாமெத்தசோன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு தேவைப்படாதோருக்கு நன்மை செய்யவில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே அறிவார்.

உருளைக்கிழங்குச் செடியின் வேரை நூற்புழு அரிக்கும்போது மேலுரம் இட்டால் இலை சிலநாள் பசுமை காட்டலாம். புழுவோ மண்ணில் பெருகும். ஸ்டீராய்டும் வலியையும் காய்ச்சலையும் மறைக்கும்; உள்ளிருக்கும் நோய் முற்றும். நெடுநாள் உண்டால் முகம் உப்பும்; தோல் மெலியும்; சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும்; எலும்பு நொறுங்கும்; கண்புரை வரும்; அடங்கியிருந்த காசநோய் தலைதூக்கும்.

வேறோர் ஆபத்தும் உண்டு. வாரக்கணக்கில் மாத்திரை உண்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடும். திடீரென நிறுத்தினால் சோர்வு, வாந்தி, மயக்கம் உண்டாகி உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே, இவ்வுரையைக் கேட்டு மாத்திரையை எவரும் குப்பையில் எறிந்துவிட வேண்டாம்! அதனை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வழியை மருத்துவர் கூறுவார்.

நமது மலைப் பழங்குடி மக்களிடையே அரிவாளணு இரத்தச் சோகையின் மரபுப் பண்பு இருப்பதை 1952-இலேயே ஆராய்ச்சியாளர் லீமனும் கட்புஷும் வெளியிட்டனர். அந்நோயின் வலிக்கு ஸ்டீராய்டு ஏற்றதன்று. மாத்திரையை நிறுத்தியபின் வலி மீண்டும் மூளக்கூடும். முகப்பொலிவுக்கென விற்கும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு உண்டு. 2018-இல் இத்தகைய 14 வகைக் களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மத்திய அரசு ஆணையிட்டது.

நாம் செய்யக்கூடியவை மூன்று. பெயரில்லாப் பொட்டல மருந்தை மறுப்போம். மருந்தட்டையையும் சீட்டையும் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் சென்றாலும் காட்டுவோம். கிராம சபை கூடும்போது கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, இச்செய்தியை ஒவ்வொரு ஹட்டிக்கும் தோட்டக் குடியிருப்புக்கும் கொண்டு சேர்ப்போம். உழைப்பவரின் உடலே ஊரின் முதற்செல்வம். அதனைக் காப்பதும் கிராம வளர்ச்சிப் பணியே.