அறைக்குள் வரும் வெளிச்சம்



தெங்கேராவில் உள்ள பழைய நீண்ட வீடுகளுக்குள் போயிருக்கிறீர்களா? தெருப்பக்கம் குறுகலான வாசல். உள்ளே நடுவில் கூரையில்லாத முற்றம். அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குத் தெறித்து, விளக்கில்லாத அறையையும் மெல்ல நிரப்பும். தோட்டத்து லயத்திலும் அப்படித்தான். முன்கதவைத் திறந்தால், வாசல் சிமெண்டில் விழுந்த வெயில் அடுப்படி வரை எட்டிப் பார்க்கும்.

கணிப்பொறியில் வீடு வரையும் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லயத்து வீட்டை என் அண்ணன் மகள் படமாக உருவாக்கினாள். சுண்ணாம்பு அடித்த பலகைச் சுவர், சாமி மாடம், தொட்டில் எல்லாம் இருந்தன. என் அம்மா பார்த்துவிட்டு, "இது நம்ம வீடு இல்ல பிள்ள, துணிக்கடை மாதிரில்ல இருக்கு!" என்றார். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று, கூரைக்கடியில் கண்ணுக்குத் தெரியாத விளக்கொன்றை அவள் வைத்திருந்தாள். அதனால் மூலை முடுக்கில்கூட நிழலில்லை.

சத்யஜித் ராய் எடுத்து 1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' படத்துக்கும் இதே சோதனை வந்தது. கதையில் வருவது காசியிலுள்ள முற்றம் வைத்த வீடு. அதைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் அமைத்தார்கள். நேராக விளக்கடித்தால் திசைக்கொரு நிழல் விழுந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல இழுத்துக் கட்டி, விளக்குகளை அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி பகல் வெளிச்சமாகவே இறங்கியது.

இந்த 'பட்டுத் திரும்புதலை'க் கணிப்பொறி கணக்கிடுவதற்கு 1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு வழி சொன்னார்கள். சுவரையும் தரையையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் மற்றதற்கு எவ்வளவு ஒளி அனுப்புகிறது என்று கணக்கிடுவது. வெப்பம் பரவுவதைக் கணிக்கப் பொறியியலில் இருந்த முறைதான் இது. சிவப்புச் சேலை காயும்போது பக்கத்து வெள்ளைச் சுவரில் லேசாகச் செம்மை படர்கிறதல்லவா? அதுவும் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

அடுத்தது, படம் எவ்வளவு ஒளியை ஏற்கவேண்டும் என்ற அளவு. நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அறையின் உட்பக்கம் 100 லக்ஸ் இருந்தாலே பெரிது. ஆயிரத்தில் ஒரு பங்கு! வெளிக்காட்டு வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தால் கண் சற்று நேரத்தில் பழகிக்கொள்ளும். படத்துக்கு அந்தப் பழக்கமில்லை. ஆகவே அறைக்குப் பொருத்தமாக அளவை வைத்து, வாசலுக்கு வெளியே வெளுத்துப் போனால் போகட்டும் என்று விடவேண்டும். புதிய விளக்கு வைப்பது பிழை.

அண்ணன் மகள் அந்த விளக்கை எடுத்துவிட்டாள். கதவு வழியாக மட்டும் வெயிலை விட்டு, அளவை மாற்றினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தொட்டிக்கயிறு இன்னுங் கொஞ்சம் உள்ளாற இருந்துச்சு, பிள்ள" என்றார்.