பென்டிரைத், 1170: ஒரு சட்டமும் ஓர் அரியணையும்

இவ்வாண்டு அறக்கட்டளைப் பொழிவுக்கு வேல்ஸ் நாட்டுப் பங்காளிப் போர் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதவி வெறியில் அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்ட கதை என்று அதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

வட வேல்ஸின் குவினெத் நாட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஓவைன், 1170 நவம்பரில் இறந்தான். ஆண்டு முடிவதற்குள் ஆங்கிலசித் தீவின் பென்டிரைத்தில் அவன் மகன் ஹவெல் கொல்லப்பட்டான். எதிரே நின்ற படை, மாற்றாந்தாய் கிறிஸ்டினின் பிள்ளைகள் டாவித், ரோட்ரி இருவருடையது.

ஹவெலின் தாய் அயர்லாந்துப் பெண். தேவாலயத்தின் கணக்கில் அவள் ஓவைனின் மனைவி அல்லள். வேல்ஸ் மரபுச் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. தந்தை தன் மகன் என்று ஏற்றுக்கொண்டால் போதும், பிள்ளைக்குப் பங்கு உண்டு. தகப்பன் செய்த பாவத்துக்காக மகனின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்றது அச்சட்டம். அந்த நூற்றாண்டின் ஐரோப்பாவில் இவ்வளவு கருணையுள்ள வாரிசுச் சட்டத்தைக் காண்பது அரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓவைனுக்குக் கிறிஸ்டின் நெருங்கிய உறவு. அதனால் அந்த மணத்தையும் திருச்சபை ஒப்பவில்லை. பேராயர் தாமஸ் பெக்கெட் ஓவைனைச் சபையிலிருந்தே விலக்கினார். ஆக, தேவாலய அளவுகோலை எடுத்தால் டாவிதும் ஹவெலைப் போல உரிமையற்றவனே. வேல்ஸ் சட்டத்தை எடுத்தால் இருவரும் சமம். சட்டம் எதுவானாலும் டாவிதுக்குத் தனி உரிமை கிடைக்காது. வாளால்தான் கிடைக்கும்.

ஹவெல் சிறந்த கவிஞன். 1143இல் தந்தையின் ஆணைப்படி அபெரிஸ்ட்வித் கோட்டையை எரித்த அதே கை, குவினெத்தின் கடலையும் மலையையும் வெண்பறவைகளையும், தான் விரும்பிய பெண்களையும் பாடியது. அவன் பாடல்கள் எட்டு இன்றும் கிடைக்கின்றன. காதலை அவ்வளவு நேராகப் பாடியவர் அந்நாட்டில் அவனுக்கு முன் எவரும் உண்டா என்பது என் ஐயம்.

உயர்குடிக் குழந்தைகளை வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்ப்பது அன்றைய வேல்ஸ் வழக்கம். ஹவெலை வளர்த்தது கெடிவோரின் வீடு. பென்டிரைத்தில் கெடிவோரின் மக்கள் ஹவெலோடு நின்று மடிந்தார்கள். உயிர் பிழைத்த பெரிவ், சகோதரர்களுக்குப் பாடிய இரங்கற்பாவில் கிறிஸ்டினையும் அவள் மக்களையும் துரோகிகள் என்றே பழிக்கிறான். ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள் கொன்றார்கள்; ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் உயிர் கொடுத்தார்கள். இந்தப் போரில் என்னை உலுக்குவது இதுதான்.

குற்றம் சட்டத்தினுடையது என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. நிலத்தைப் பங்கிடலாம், அரியணையைப் பங்கிட முடியாது. நிலத்துக்கு நியாயமான விதி, அரியணைக்கு வந்ததும் கொலைக்களமானது.

அந்தக் கொலைக்களம் பென்டிரைத்தோடு முடியவில்லை. டாவிதின் மூத்த சகோதரன் யோர்வெர்த்தின் மகன் லூவெலின், 1194இல் டாவிதை வீழ்த்தினான். தன் மணவழி மகனுக்கே நாடு என்று உறுதிசெய்து, 1222இல் போப்பின் ஒப்புதலும் பெற்றான். பயனில்லை. விலக்கப்பட்ட மகன் கிரிஃபித், 1244இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து தப்ப முயன்று விழுந்து இறந்தான். அவன் பிள்ளைகளே 1255இல் பிரின் டெர்வினில் மோதினார்கள். வென்ற மகன், பாட்டனின் பெயர் கொண்ட இளைய லூவெலின், தன் அண்ணன் ஓவைனை இருபது ஆண்டுக்கு மேல் சிறையில் வைத்தான். அவனை விடுவிக்கும்படி 1277இல் உடன்படிக்கையில் எழுதி வாங்கியவன் இங்கிலாந்து மன்னன் எட்வர்ட். ஐந்தே ஆண்டில் அந்த எட்வர்டின் போரில் இளைய லூவெலினும் மாண்டான்.