பறவையறிஞர் சாலிம் அலியும் ஒரு தாய்மாமனும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழாவில் ஓர் அறிஞரின் வாழ்வைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் பணித்தபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் ரயில்வேயில் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. பட்டதாரிகள் நிறைந்த இந்த அவையில் எந்த அறிஞரைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டு என்று எண்ணிப் பார்த்தோம். நம்மைப் போலவே மெட்ரிகுலேஷனுக்கு அப்பால் கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாத ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர்தாம் இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படும் சாலிம் அலி.

அவர் 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அக்குழந்தையைத் தாய்மாமன் அமிருதீன் தையப்ஜி எடுத்து வளர்த்தார். மாமன் வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஒருநாள் சிறுவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். பார்ப்பதற்குச் சிட்டுக்குருவி போலவே இருந்தது. ஆனால் கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று மாமனைக் கேட்டான்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். மாமனுக்கு விடை தெரியவில்லை. 'போய்ப் பாடத்தைப் படி' என்று அவர் விரட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளரான மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் கொடுத்துச் சிறுவனை அனுப்பினார். மில்லார்டும் அவனைச் சிறுவன் என்று தள்ளாமல், அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று இனங்கண்டு கூறி, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஒரு பெருவாழ்வு அந்த இழுப்பறைகளிலிருந்து புறப்பட்டது என்று கூறினால் மிகையாகாது.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. தலைவலி நோயால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913-ல் மெட்ரிகுலேஷனில் தட்டுத் தடுமாறித் தேறினார். கல்லூரியில் நிலைக்காமல் பர்மாவுக்குச் சென்று குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். அங்கும் கண் காட்டுப் பறவைகளிடமே சென்றது. திரும்பி வந்து வணிகமும் விலங்கியலும் பயின்றாரேனும் பட்டம் பெறவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிட்டாமற் போயிற்று. பிறகு பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் கூறும் வேலை கிடைத்தது. அதிலிருந்து விடுப்பெடுத்துப் பெர்லினுக்குச் சென்று, ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் முறைகளைக் கற்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அருங்காட்சியகத்தார் அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தனர்.

வேலையற்ற மனிதர் என்ன செய்தார்? பம்பாய்க்கு அப்பால் கடற்கரையோரத்தில் உள்ள கிஹிம் என்னும் சிற்றூரில் மனைவி தெஹ்மினாவுடன் குடியேறினார். அருகே மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மாதக்கணக்கில் உற்று நோக்கினார். கூடு கட்டும் குருவியை நம் நாட்டார் காலங்காலமாகக் கண்டு வியந்ததுண்டு. ஆயினும் அதன் இல்லற ரகசியத்தை முறையாக எழுதி வைத்தவர் அவரே. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கிறது. பிடித்தால் ஏற்றுக்கொள்கிறது, பிடிக்காவிடில் பறந்துவிடுகிறது. ஏற்றுக்கொண்ட கூட்டை முழுமையாக்கிய பின், ஆண் குருவி வேறொரு துணைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது! இக்கண்டுபிடிப்பு 1931-ல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

தூக்கணாங்குருவியின் சுற்றத்தார் பெரும்பாலும் ஆப்பிரிக்காவில்தான் வாழ்கின்றனர். அக்குடும்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் நாட்டில் இருப்பவை நான்கே. தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் ஓரினம் மரத்தின்மேல் வைக்கோற்போர் போன்று ஒரே பெருங்கூடு கட்டி, அதில் நூற்றுக்கணக்கில் குடியிருக்கிறது. நமது அடுக்குமாடிக் குடியிருப்பைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஜான் குரூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள இக்குருவிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 1964-ல் ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். காட்டில் பூச்சி தின்று வாழும் இனங்கள் பெரும்பாலும் ஒரு துணையோடு தனித்து வாழ்கின்றன. புல்வெளியில் தானியம் தின்பவை கூட்டமாகவும் பல துணைகளோடும் வாழ்கின்றன. உணவும் இடமும் குடும்ப முறையை வகுக்கின்றன என்று அதில் காட்டினார். கிஹிமில் ஒரு வேலையற்றவர் கண்ட உண்மை, இவ்வாறு இரு கண்டங்களைத் தழுவிய ஆராய்ச்சிக்கு முன்னோடியாயிற்று.

பின்னர் ஹைதராபாத், கொச்சி, திருவாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். பயணச் செலவைச் சமஸ்தானம் ஏற்றால் போதும், ஊதியம் வேண்டாம் என்பதே அவர் விதித்த நிபந்தனை. காட்டு முகாம்களில் அனைத்தையும் கவனித்துக்கொண்ட தெஹ்மினா அம்மையார் 1939-ல் காலமானார். அத்துயரிலும் அவர் பணியை விடவில்லை. 1941-ல் வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்னும் நூல் சாதாரண மக்களின் கையிலும் பறவையியலைக் கொண்டு சேர்த்தது. டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பட்டமில்லை என்று ஒதுக்கப்பட்டவருக்கு 1973-ல் நமது தில்லிப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. பத்ம விபூஷண் 1976-ல் வந்தது. 1985-ல் ராஜ்ய சபையின் நியமன உறுப்பினரானார். அயல்நாட்டுப் பரிசாகக் கிடைத்த 50,000 டாலரையும் இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்துவிட்டார். தில்லியிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் சென்றடையும் பரத்பூர்ப் பறவைச் சரணாலயம் காக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1987-ல் அவர் மறைந்தார். 1990-ல் கோயம்புத்தூரில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

இனி, நமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. நமது மகன் பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றான். அன்று மாலை அவன் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கண்டோம். நாளும் நேரமும் குறித்து, காலனி மரங்களுக்கு வரும் பறவைகளை எழுதி வைத்திருந்தான். 'இதற்குத்தான் நேரமா?' என்று சினந்து அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். பையன் ஒரு சொல்லும் பேசவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட தகப்பனின் அச்சம் அது. நம்மைப் போல் அவனும் நின்றுவிடக் கூடாதே என்னும் அச்சம்.

இந்தச் சொற்பொழிவுக்காகச் சாலிம் அலியின் வரலாற்றைப் படித்த பின்னரே பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்துப் பார்த்தோம். சுடலைக் குயில் மூன்று ஆண்டுகளாக எந்த நாளில் காலனிக்கு முதலில் வந்தது என்று எழுதி, 'இரண்டு நாள் கழித்து மழை', 'நான்கு நாள் கழித்து மழை' என்று பக்கத்திலேயே குறித்திருந்தான். தென்னாட்டில் அக்குயில் ஆண்டு முழுதும் இருக்கிறது. தில்லிக்கு வருவதோ பருவக்காற்றை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வருகிறது. இங்கே தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிட்டு, மழைக்காலம் முடிந்ததும் திரும்பிச் செல்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூரில் வசிக்கும் நாம் அதன் பெயரையும் அறிந்ததில்லை. நம் வீட்டுப் பிள்ளை அதன் வருகைக்காக மொட்டை மாடியில் காத்து நின்றிருக்கிறான்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டான், ஆனால் நம் எதிரில் அதைத் திறக்கவில்லை. சில வாரங்களாகியும் இன்னும் திறக்கவில்லை. அது நமக்குக் கிடைத்த தண்டனை.

அவன் இன்னொரு சாலிம் அலி ஆவான் என்று நாம் சொல்லவில்லை. கணக்குப் பாடம் வேண்டியதே. அதற்கு ஏற்பாடும் செய்திருக்கிறோம். சாலிம் அலிக்குச் செல்வமுள்ள உறவினரும் உடனுழைத்த மனைவியும் இருந்தனர். நம் போன்ற சம்பளக்காரர் வீடுகளில் அத்தகைய வசதி இல்லை என்பதும் உண்மை. ஆனால் மாமன் கொடுத்த அந்தக் கடிதத்துக்குச் செல்வம் தேவைப்படவில்லை. 'எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவரிடம் போய்க் கேள்' என்று சொல்லும் மனமே தேவைப்பட்டது.

ஊரை விட்டு வந்த நம் குழந்தைகளுக்குத் தாய்மாமன்மார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். ஆகையால் இந்தச் சங்கத்தில் கூடும் நாம் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மாமனாக வேண்டும். ஒரு பிள்ளை கேள்வியோடு வந்தால் விரட்டாமல், விடை தெரிந்தவர் வீட்டைக் காட்டுவோம். முதலாவதாக நாமே விண்ணப்பிக்கிறோம்: இச்சபையில் பறவைகளை அறிந்தவர் எவரேனும் இருந்தால், விழா முடிந்ததும் எம்மைச் சந்திக்க வேண்டுகிறோம். நமது மகன் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான்.