உறைமோரில் ஒரு சமுதாயம்
(ஆண்டர்சன்பேட்டையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

யான் மெட்ரிகுலேஷன் வரை படித்த இரயில்வே குமாஸ்தா, விஞ்ஞானம் கற்றவனல்லன். ஆயினும் நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் ஒரு விந்தையைப் பற்றிப் படித்தறிந்தவற்றைக் கூற விழைகின்றேன். பால் தயிராவதே அவ்விந்தை.

2001 பிப்ரவரித் திங்களில் நம் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. பின்னர் எங்கள் எதிர்வீட்டார் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தனர். வண்டியேறுமுன் அவ்வீட்டு அம்மையார் என் தாயாரிடம் ஒரு கிண்ணம் உறைமோர் கேட்டார். “அக்கா, அங்கே உறைக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?” என்றார்.

அக்கிண்ணத்தில் இருந்தது ஓருயிரன்று, ஒரு கூட்டம். மேனாட்டார் யோகர்ட் எனும் தயிரைக் காண்போம். அதனில் இருவகைப் பாக்டீரியாக்கள் இணைந்து வாழ்கின்றன. உருண்டை வடிவினது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். கோல் வடிவினது லாக்டோபசில்லஸ் பல்காரிகஸ். கோலுயிர் பாலின் புரதத்தைச் சிதைத்து உருண்டையுயிருக்கு உணவாக்குகின்றது. உருண்டையுயிர் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் தந்து கோலுயிரை வளர்க்கின்றது. தனித்திருந்தால் இரண்டும் மெல்லவே வேலை செய்யும். சேர்ந்தால் பாலை விரைந்து தோய்விக்கும். நம் வீட்டு உறைமோரில் இன்னும் பல இனங்கள் உண்டு.

உறவு மட்டுமன்று, போட்டியும் உண்டு. இட்லி மாவை ஆராய்ந்த அறிஞர்கள் 1965-இல் வெளியிட்ட முடிவு இது: லியூகோநாஸ்டாக் எனும் இனம் முதலில் பெருகி மாவைப் பொங்கச் செய்கின்றது, பின்னர் வேறு இனங்கள் தலையெடுத்துப் புளிப்பைப் பெருக்குகின்றன. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்கின்றனர்.

சீஸ் எனும் பாலாடைக்கட்டியிலும் இவ்வாறே. 10 நாடுகளில் செய்யப்பட்ட 137 கட்டிகளின் மேற்றோலை ஆராய்ந்த முடிவு 2014-இல் வெளிவந்தது. நாடுகள் தொலைவிலிருப்பினும், ஈரமும் பக்குவமும் ஒத்திருந்தால் ஒத்த கூட்டங்களே அமைந்திருந்தனவாம்.

ஆனால் இக்கூட்டத்திற்கு ஒரு குறை உண்டு. அடிக்கடி புதுப்பாலில் சேர்க்காவிடின் தன் புளிப்பிலேயே தான் மெலிந்துவிடும். சில ஆண்டுகட்கு முன் தாயாரின் உடல்நலம் கருதி இரு வாரம் வீட்டைப் பூட்டிச் சென்றோம். திரும்பியபோது உறைமோர் கெட்டிருந்தது. தெருவில் கேட்டேன், எல்லார் வீட்டிலும் பாக்கெட் தயிர். முன்பு ஒரு வீட்டில் அற்றுப்போனால் பத்து வீடுகளில் இருக்கும். அன்று எவ்வீட்டிலும் இல்லை.

அலுவலாகப் பெங்களூர் சென்றபோது பழைய எதிர்வீட்டாரைக் கண்டேன். அம்மையார் ஒரு தூக்குப்பாத்திரத்தில் உறைமோர் தந்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு மாரிக்குப்பம் வண்டியில் வந்தேன். நாங்கள் கொடுத்த அதே கூட்டமா அது? முழுதும் அன்று, அவ்வீட்டுப் பாலும் சூடும் அதைச் சிறிது மாற்றியிருக்கும். ஆயினும் மறுநாட்காலை தயிர் தோய்ந்திருந்தது. தாயார் ஒரு கரண்டி உண்டுவிட்டு, “நம் வீட்டுத் தயிர்தான்” என்றார்.

அன்பர்களே! நாள்தோறும் விடியுமுன் நம் பிள்ளைகள் வேலை தேடிப் பெங்களூர் வண்டி ஏறுகின்றனர். பாக்கெட் தயிர் அவர்களுக்கு வசதியே, குறை கூறேன். ஆயினும் வீட்டில் ஒரு கிண்ணம் உறைமோரைக் காத்து வாருங்கள். மார்கழிக் குளிரில் பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்பருகே வையுங்கள். கெட்டுவிட்டால் கூச்சமின்றி அண்டைவீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேட்போர்க்கு இல்லையெனாது கொடுங்கள். கொடுத்த வீட்டிலேதான் அது என்றும் குறையாதிருக்கும்.