மொய் நோட்டு எழுதும் நாம் தொழில் நோட்டும் எழுதுவோம்

(மும்பை தாராவியில் நடந்த பொங்கல் விழாக் கூட்டத்தில், வீட்டுத்தொழில் செய்யும் குடும்பங்களிடையே சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஆண்டு பிறந்துவிட்டால் நம்மிடையே ஒரு வழக்கும் பிறந்துவிடும். தமிழருக்குப் புத்தாண்டு தையா, சித்திரையா என்பதே அந்த வழக்கு. 2008இல் தை முதல் நாள்தான் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல இன்று நாம் கூடவில்லை. இந்த மும்பையில் குஜராத்தி வணிகர்கள் தீபாவளியன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குப் பூசை போடுகிறார்கள். அரசாங்கத்துக்கு ஏப்ரல் முதல் தேதி கணக்கு பிறக்கிறது. மாவாட்டி, இட்லி அவித்து, முறுக்குச் சுட்டு, துணி தைத்துப் பிழைக்கின்ற நம் குடும்பங்களுக்குக் கணக்கு பிறக்கும் நாள் எது? அதைத்தான் இன்று பேச வேண்டும்.

நமக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் நடந்த கல்யாணத்தில் எந்த மாமா 51 செய்தார், எந்தச் சித்தப்பா 101 செய்தார் என்று அதில் ஊர் பேரோடு எழுதியிருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நோட்டைப் பார்த்து, ஒரு ரூபாயும் குறையாமல் திருப்பிச் செய்கிறோம். ஊராருக்குச் செய்ய வேண்டியதை இத்தனை ஒழுங்காக எழுதுகின்ற நாம், நமக்கு வர வேண்டியதை எழுதுகிறோமா? நாளெல்லாம் உழைத்தது யாருக்குப் போயிற்று என்று எழுதுகிறோமா?

"இந்த வருஷமாவது கடனை அடைக்கணும்" என்று பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக்கொள்கிறோம். அது நல்ல ஆசைதான். ஆனால் ஆசை வேறு, இலக்கு வேறு. எவ்வளவு, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது இலக்கு. பதில் இல்லாவிட்டால் அடுத்த பொங்கலுக்கும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த வீட்டுக் கணக்கும் அல்ல. விளங்குவதற்காகச் சொல்லும் உதாரணம். ஓர் இட்லிக்காரக் குடும்பம். நாளைக்கு 2,000 ரூபாய் வியாபாரம். அரிசி உளுந்துக்கு 900, தேங்காய், பொட்டுக்கடலை, மிளகாய்க்கு 250, எரிவாயுவுக்கு 250, இலை, தட்டு, போக்குவரத்துக்கு 150. ஆக 1,550 செலவு. மிச்சம் 450. மாதத்தில் 26 நாள் தொழில் நடந்தால் 11,700 ரூபாய். "பரவாயில்லை, லாபம்தான்" என்று சொல்லத் தோன்றும்.

பொறுங்கள். அந்த வீட்டில் வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் 10 வட்டி. மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஆண்டு முடிவில் 24,000 ரூபாய் கட்டியிருப்போம்; வாங்கிய 20,000 அப்படியே நிற்கும். வட்டி போக மாதம் கையில் நிற்பது 9,700.

இன்னும் கணக்கு முடியவில்லை. அந்த அம்மா மாலையில் மாவாட்டிப் பாத்திரம் கழுவ 3 மணி நேரம், விடியற்காலை 3 மணிக்கு எழுந்து 8 மணி வரை இட்லி அவிக்கவும் சட்னி அரைக்கவும் 5 மணி நேரம், ஆக 8 மணி நேரம் உழைக்கிறார். அய்யா காலை 6 முதல் 11 வரை பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்கிறார். அது 5 மணி நேரம். இருவருக்கும் நாளைக்கு 13 மணி நேரம். மாதத்துக்கு 338 மணி நேரம். 9,700ஐ 338 ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 29 ரூபாய்கூட வரவில்லை! பள்ளிக்குப் போகுமுன் சட்னிப் பொட்டலம் கட்டுகின்ற பிள்ளையின் உழைப்பை இதில் சேர்க்கவே இல்லை.

நாம் லாபம் என்று சொல்லிக்கொண்டிருந்தது லாபம் அல்ல தோழர்களே, கூலி. அதிலும் பாதிக்கு மேல் அந்த வீட்டுப் பெண்ணின் கூலி. "அவ வீட்டுலதானே இருக்கா" என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் 8 மணி நேர வேலை செய்துகொண்டு இருக்கிறார். மில்லில் 8 மணி நேரம் நின்றவரைத் தொழிலாளி என்றோம். அடுப்படியில் 8 மணி நேரம் நிற்பவரை என்னவென்று சொல்வது? ஆகவே, இந்த ஆண்டு நோட்டில் எழுதும் முதல் வரி அவருடைய உழைப்பு நேரமாக இருக்கட்டும். அதை எழுதாத கணக்கு பொய்க் கணக்கு.

இனி இலக்குகள். பத்து வேண்டாம், மூன்று போதும்.

முதலாவது, வட்டிக் கடனை ஒழிப்பது. வட்டிக்காரர் வட்டியை வாங்கிக்கொண்டே இருப்பார். அசலைச் சில்லறையாக வாங்க விரும்பமாட்டார். ஆகவே நாளைக்கு 70 ரூபாயைத் தனியாக எடுத்து, வீட்டில் வைக்காமல் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட வேண்டும். மாதம் 1,820 ஆகும். 11 மாதத்தில் 20,020 சேரும். அசலை ஒரே தவணையில் கொடுத்துச் சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடலாம். அந்த 70 எங்கிருந்து வரும்? ஐந்து வீடுகள் சேர்ந்து வாஷி மொத்தச் சந்தையில் அரிசியும் உளுந்தும் மூட்டையாக வாங்கினால் நாளைக்கு 40 மிச்சமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் பார்த்து, எந்தக் கிழமை எவ்வளவு விற்கிறதோ அதற்கேற்ப மாவாட்டினால், மீந்து கொட்டுவதில் 30 மிச்சமாகும். எத்தனை மீந்தது என்று எழுதாத வீட்டுக்கு இந்த 30 கண்ணில் படாது.

வங்கிக் கடன் கிடைத்தால் இன்னும் விரைவில் விடுபடலாம். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி என்று வைத்தாலும் 20,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 2,400தான். 24,000 எங்கே, 2,400 எங்கே! 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை சிசுக் கடன் உண்டு. தெருவில் விற்பவர்களுக்கு 2020இல் வந்த ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ஆக இருந்தது. 2025இல் அதை 15,000 ஆக்கினார்கள். இவற்றுக்குப் பத்திரங்கள் வேண்டும். அதுவே அடுத்த இலக்கு.

இரண்டாவது, பத்திரங்களைச் சேர்ப்பது. உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆயிரம் கொடு, ஐந்நூறு கொடு என்று கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள். உணவு விற்பவர்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிந்துகொள்ள வேண்டும். தெருவில் விற்பவர்கள் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியிடம் சான்று கேட்க வேண்டும். மின்கட்டணச் சீட்டு, வாடகை ரசீது, ரேஷன் அட்டை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. அரசு சொன்ன தகுதி விதிப்படி, 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. மாடி அறைகளில் இருப்பவருக்கும் வெளியேதான். இட்லிக் கொப்பரையும் தையல் எந்திரமும் அந்த மாடி அறைகளிலும் இருக்கின்றன அல்லவா? வீடு இடம் மாறினால் அடுப்பும் இடம் மாறும்; 30 ஆண்டுகளாக வாங்கியவர்கள் இங்கேயே நிற்பார்கள். ஆகவே வீட்டைக் கணக்கெடுக்கும்போது வீட்டுக்குள் நடக்கும் தொழிலையும் கணக்கெடுக்க வேண்டும், அதைச் செய்யும் பெண்ணைத் தொழிலாளி என்று எழுத வேண்டும் என்பது நம் கோரிக்கை. கோரிக்கை வைக்கும் கையில் நோட்டும் பத்திரமும் இருந்தால் அதற்கு வலு உண்டு.

மூன்றாவது, உழைப்பின் விலையை உயர்த்துவது. 29 ரூபாய் நின்ற இடத்தில் ஆண்டு முடிவில் 40 ரூபாய் நிற்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வட்டி ஒழிந்தாலே மணிக்கு ஏறக்குறைய 6 ரூபாய் கூடிவிடும். மிச்சம் பிடித்த 70 ரூபாயும் கடன் தீர்ந்தபின் நம் கைக்கே வரும். அது மணிக்கு 5 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். சேர்த்துப் பாருங்கள், 40 வந்துவிடுகிறது. ஆளை இன்னும் 2 மணி நேரம் கூடுதலாக வேலை வாங்கி வருமானம் உயர்ந்தது என்று சொல்வது உயர்வு ஆகாது.

எழுதிய இலக்கு ஏன் முறிகிறது? மே மாதம் ஊருக்குப் போகிறோம். கோயில் கொடை, கல்யாணம், மொய். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை; தெருவில் தண்ணீர் நின்றால் வியாபாரம் படுத்துவிடும். பிறகு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். இவை எதிர்பாராத செலவுகளா? ஆண்டுதோறும் வருகின்றவைதானே! ஊர்ச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒதுக்குங்கள். மழை மாதங்களுக்குக் குறைந்த இலக்கு, கணபதி விழாவுக்கும் தீபாவளிக்கும் கூடுதல் இலக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். மராத்திய வீடுகளில் தீபாவளிக்குச் சக்லி, சிவ்டா தேடுகின்ற மாதம் முறுக்குச் சுடுபவர்களுக்கு அறுவடை மாதம்.

ஒவ்வொரு இரவும் நோட்டில் நான்கு வரி: விற்றது, செலவு, மீந்தது, உழைத்த நேரம். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். மாதக் கடைசி ஞாயிறு கணவனும் மனைவியும் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும். ஒரு மாதம் தவறினால் நோட்டை மூடிவிடாதீர்கள். ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதி, அடுத்த மாதத்தைத் தொடங்குங்கள்.

இதெல்லாம் ஏழைப் பெண்களால் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரே பதில் சொல்லும். 1959 மார்ச் 15 அன்று கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் உருட்டினார்கள். முதல் நாள் நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். அங்கே முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. உருட்டும் சகோதரிகளே உடைமையாளர்கள். மில் தொழிலாளருக்குச் சோறு பொங்கிப் போட்ட கானாவளிப் பெண்களை 1975இல் பிரேமா புரவ் அன்னபூர்ணா மகிளா மண்டலமாகத் திரட்டினார். வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த அவர்களை வங்கி வாசலுக்கு அழைத்துச் சென்றார். தனித்தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். சேர்ந்து போனால் நாற்காலி போடுவார்கள்.

ஆகவே தாய்மார்களே, இந்த வாரமே ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் மூன்று இலக்கையும் தேதியோடு எழுதுங்கள். மாதக் கடைசியில் நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கவும், படிவம் நிரப்பவும், வங்கிக்குச் சேர்ந்து போகவும் நாங்கள் இருக்கிறோம். மூட்டை வாங்கச் சேரும் ஐந்து வீடுகளின் பெயரை இன்று கூட்டம் கலையும் முன்பே கொடுத்துவிட்டுப் போங்கள்.